பல்லியை விரட்டுவதற்கு முன்னால் லைட்டைப் பாருங்க

வேறொரு விஷயம் பேசலாம்னுதான் இருந்தேன். ஆனா போன வாரம் எங்க சமையலறையில் ஒன்று நடந்தது. அதனால இன்னைக்குப் பல்லி.

நான் சென்னையில் ஒரு தோழியோடு ஃபிளாட்டில் இருக்கேன். அவளுக்குப் பல்லி என்றால் பயம். சும்மா அருவருப்பு இல்லை, சுவரில் ஒன்று தெரிந்தால் அந்த அறைக்கே போக மாட்டாள். அதனால ரெண்டு பேரும் சேர்ந்து பூச்சிக்கு வைக்கிற பசை அட்டை ஒன்றை வாங்கி, ஸ்டவ்வுக்குப் பின்னால் வைத்தோம். மறுநாள் காலையில் அதில் ஒரு குட்டிப் பல்லி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உயிரோடதான் இருக்கு. வாயைத் திறந்து திறந்து மூடுது.

பல்லியைப் பார்த்தால் ஓடுகிற என் தோழிதான் முதலில் அழுதாள். எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு, ஒவ்வொரு காலாக விடுவிச்சோம். அரை மணி நேரம் ஆச்சு. பால்கனியில் செடித் தொட்டி ஓரமா விட்டோம். பிழைச்சுதா, தெரியலை.

அன்னைக்கு ராத்திரி எங்க ஆயா ஞாபகம்தான். எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பாக்கம். சென்னையிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாபேட்டைக்கு முன்னால் வரும். பெரிய ஏரி, அதை நம்பி நெல் வயல். ஏரியும் வயலும் இருந்தால் பூச்சிக்குக் கேட்கணுமா? பயிர் இருக்கிற நாளில் குட்டிக் குட்டிப் பச்சைத் தத்துப்பூச்சி ட்யூப் லைட்டைச் சுற்றி மொய்க்கும். மழை விட்டால் ஈசல். லைட் பட்டிக்குப் பக்கத்தில் நாலஞ்சு பல்லி, பந்தியில் இடம் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நான் துடைப்பத்தை எடுத்தால் ஆயா சொல்லும்: "அத்த ஏன்டி அடிக்கிற? லைட்ட அமத்து. பூச்சி போச்சுன்னா அது இங்க இன்னா பண்ணப் போவுது?"

ஆயா சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கு. பல்லி நம்மைத் தேடி வரலை. நம்ம லைட்டைத் தேடிப் பூச்சி வருது, பூச்சியைத் தேடிப் பல்லி வருது. புற ஊதாவும் நீலமும் அதிகமா இருக்கிற வெளிச்சத்துக்குத்தான் பல பூச்சிகள் கூடுதலா வரும். மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவு. நம்ம வீடுகளில் 'டிக் டிக்'னு சத்தம் போடுகிற பல்லி இனம், கப்பல் சரக்கோடு ஆஸ்திரேலியா வரைக்கும் போய்க் குடியேறியிருக்கு. அங்கேயும் அது தேடிப்போன இடம், லைட் எரிகிற சுவர்தான்.

அதுக்காக, பல்லி இருந்தால் கொசுவே இருக்காதுன்னு நினைக்காதீங்க. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். பல்லி வேட்டைக்குக் கிளம்புவது ராத்திரி. தேங்கின தண்ணியை நாமதான் கொட்டணும்.

சரி, விஷம்? நம்ம வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. சாப்பாட்டில் பல்லி விழுந்து மயக்கம்னு அடிக்கடி செய்தி வருது, உண்மைதான். ஆனா கவனிக்க வேண்டியது விஷத்தை இல்லை, கிருமியை. பல்லியின் குடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்கிற பாக்டீரியா இருக்கலாம். கறுப்பா இருந்து ஒரு முனையில் வெள்ளையா இருந்தால் அது பல்லி எச்சம். சமையல் மேடையில் பார்த்தால் சோப்புப் போட்டுத் துடைங்க, கையையும் கழுவுங்க. பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிடுங்க. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு, அப்புறம் வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்க. "விஷம் ஏறிடுச்சு"ன்னு குழந்தைகளைப் பயமுறுத்தாதீங்க.

எங்க ஊருக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கு. பல்லி மேலே விழுந்த தோஷம் போகணும்னு ஜனங்க வரிசையில் நின்று தொட்டுக் கும்பிடுவாங்க. அதுக்கு ஒரு தலபுராணக் கதை. கௌதம முனிவரின் சீடர்கள் ரெண்டு பேர் பூஜைக்குத் தீர்த்தம் கொண்டு வர்றாங்க. உள்ளே பல்லி விழுந்திருக்கு, அவங்க பார்க்கலை. முனிவர் சபிச்சுட்டார், ரெண்டு பேரும் பல்லியாகிட்டாங்க. கவனிச்சீங்களா? சாபம் பல்லிக்கு இல்லை. தண்ணியைப் பார்க்காமல் கொண்டு வந்தவங்களுக்கு!

அதனால எங்க ஃபிளாட்டில் இப்போ ஒரு எல்லை போட்டிருக்கோம். பசை அட்டை குப்பைக்குப் போயாச்சு. எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி. ராத்திரி மேடையைத் துடைச்சு, சிந்தினதை எடுத்து, சமையலறை லைட்டை அணைச்சிடுவோம். ஜன்னலுக்கு வலை அடிச்சாச்சு, தோழி அறைக் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கையும் அடைச்சாச்சு. அவளுடைய பயத்தை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, அதுவும் விதி. பால்கனியில் மட்டும் ஒரு மஞ்சள் பல்பு எரியும். அந்தச் சுவர் பல்லிக்கு.

நேத்து ராத்திரி அங்கே ஒரு குட்டி தெரிஞ்சது. எங்க குட்டிதானா, சொல்ல முடியாது. தோழி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு நிமிஷம் பார்த்தாள். ஓடலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். தூங்கப் போகும்போது லைட்டை அணைச்சிடுங்க.