கூண்டும் கருணையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)

  

பகவான் மகாவீரரின் திருவுருவைத் தொழும்போது, பீடத்தில் பொறித்துள்ள சிங்க இலாஞ்சனையையும் நாம் காண்கிறோம். இருபத்துநான்காம் தீர்த்தங்கரருக்குச் சிங்கமே அடையாளம். ஆதலால் இந்நன்னாளில் சிங்கம், புலி முதலிய விலங்குகள் மனிதர் கையில் படும் துன்பத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்று கருதினேன். காட்டில் வாழ்வனவற்றைப் பற்றியோ, அரசு நடத்தும் விலங்கியல் பூங்காக்களைப் பற்றியோ நான் பேச வரவில்லை. தனி மனிதர் தம் வீட்டிலும் பண்ணையிலும் கூண்டிட்டு வளர்ப்பனவற்றைப் பற்றியே கூற விழைகிறேன். இவ்வழக்கம் பெருகியிருந்த நாடு அமெரிக்கா. நம் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வாழ்கின்றனர். ஆதலால் இச்செய்தி நமக்கும் உரியதே.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள். ஒகையோ மாநிலத்துச் சேன்ஸ்வில் நகரை அடுத்த ஒரு பண்ணையின் உரிமையாளர், தாம் வளர்த்த 56 விலங்குகளுள் பெரும்பாலானவற்றின் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தம் உயிரையும் முடித்துக்கொண்டார். பொழுது சாயும் வேளை. அருகிலே மக்கள் குடியிருப்புகள். இருளுக்குள் அவற்றை மயக்கிப் பிடிக்க வழியின்றிக் காவலர்கள் துப்பாக்கியை எடுத்தனர். 18 புலிகளும் 17 சிங்கங்களும் மடிந்தன. கரடிகளும் ஓநாய்களும் உடன் மடிந்தன. உயிருடன் மீட்கப்பட்டவை ஆறே. அவ்வுரிமையாளர் 2005இலேயே விலங்குகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர். ஆயினும் அவர் புலி வளர்ப்பதைத் தடுக்கும் சட்டம் அம்மாநிலத்தில் அன்று இல்லை. இத்தனை உயிர்கள் போன பின்னரே, 2012இல், ஒகையோ அதற்கெனச் சட்டம் இயற்றியது.

சுட்ட காவலரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அவ்வுயிர்களின் துன்பம் அன்று மாலையிலா தொடங்கிற்று? கூண்டுக்குப் பூட்டு இட்ட நாளிலேயே தொடங்கிவிட்டதன்றோ!

கொலை செய்யாமலே கொல்லாமை விரதம் பழுதுபடும் வழிகளை நம் ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாடும் குதிரையும் வைத்திருந்த இல்லத்தார்க்கு இவை சொல்லப்பட்டன என்று நாம் எண்ணியிருக்கிறோம். புலிக்கூண்டின் முன் நின்று பார்த்தால், இவ்வைந்தும் அங்கே ஒருங்கே இருப்பதைக் காணலாம்.

முதலாவது, கட்டுதல். காட்டில் ஒரு பெண்புலி உலவும் பரப்பு பல சதுர கிலோமீட்டர். 2003இல் நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓர் அறையில் முழு வளர்ச்சி பெற்ற புலியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. காவலர் ஒருவர் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிச் சாளரத்தின் வழியே மயக்க ஊசி செலுத்திய பின்னரே அதனை வெளியேற்ற முடிந்தது. வளர்த்தவர் அதன்மீது அன்பு கொண்டிருந்ததாகவே கூறினார். அன்பு இருந்தும் கட்டு கட்டுதான்.

அடித்தல் என்பதற்கு விளக்கம் வேண்டா. கோலும் சவுக்கும் இன்றிப் புலியை ஆட்டத்திற்குப் பழக்குவோர் அரியர். மூன்றாவது, உறுப்பை அறுத்தல். வளர்ப்போரைக் கீறாதிருக்கவேண்டி நகங்களை நீக்குகின்றனர். அது நகம் வெட்டுவது போன்றதன்று. ஒவ்வொரு விரலின் நுனியெலும்பையும் சேர்த்து அறுப்பதாகும். அவ்விலங்கு அதன் பின்னர் வாழ்நாளெல்லாம் வலியோடு நடக்க நேரலாம்.

நான்காவது, மிகுபாரம். ஈன்ற சில நாள்களுக்குள் தாயிடமிருந்து குட்டிகளைப் பிரித்து, கட்டணம் செலுத்துவோர் மடியில் வைத்துப் புகைப்படம் எடுப்பது அங்கே பெரும் வாணிகமாக இருந்தது. உறங்க வேண்டிய பச்சிளங்குட்டி நாள்முழுதும் கைமாறிக்கொண்டே இருக்கும். முதுகில் சுமை ஏற்றினால்தான் பாரமா?

ஐந்தாவது, உணவு தடுத்தல். பட்டினியிடுவது மட்டுமே இதன் பொருளன்று. எலும்பில்லாத இறைச்சியை மட்டும் உண்டு வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, எலும்புகள் வளைந்து, எளிதில் முறிகின்றன. வயிறு நிறைந்திருக்கும், உடல் நலிந்திருக்கும். அறியாமையும் ஒருவகை ஊண் மறுத்தலே.

இனி, நாம் சிறப்பாகச் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. குட்டி மடியில் அமரும் காலம் சில மாதங்களே. புலியின் ஆயுளோ 15 முதல் 20 ஆண்டுகள். புகைப்படத்திற்கு உதவாத பருவம் வந்ததும் அது வருவாய் தராத செலவாகிவிடுகிறது. புறக்கணிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஊன் உண்பது புலியின் பிறவி இயல்பு. அதற்காக அதனைப் பழித்தல் ஆகாது. ஆனால் வேடிக்கைக்காக ஒரு புலியைப் பிறப்பிப்பவர், அதன் ஆயுள் முழுமைக்கும் பிற உயிர்களின் கொலையையும் சேர்த்தே பிறப்பிக்கிறார். சிறைப்பட்ட உயிர் ஒன்று. அதற்கு இரையாகும் உயிர்கள் எண்ணிறந்தவை.

ஒக்லகோமா மாநிலத்துத் தனியார் காட்சிச்சாலை ஒன்றில், ஈக்கடியால் காது நுனிகள் புண்ணாகியும் மருத்துவமின்றி விடப்பட்ட சிங்கங்களை ஆய்வாளர்கள் கண்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 2021 மே மாதத்தில் சிங்கம், புலி, அவற்றின் கலப்பினம், ஒரு ஜாகுவார் என 68 விலங்குகளை அரசு கைப்பற்றியது. 2022 டிசம்பர் 20ஆம் நாள் பெரும்பூனைகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அந்நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது. முன்பே வைத்திருந்தோருள், 2023இல் முடிந்த கெடுவுக்குள் பதிவு செய்துகொண்டவர் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஆனால் புதிதாக வாங்கவோ, இனப்பெருக்கம் செய்யவோ, பொதுமக்களைத் தொடவிடவோ இயலாது.

சட்டம் வந்துவிட்டதே, இனி நமக்கு என்ன என்று கேட்கலாம். சட்டம் ஒரு நாட்டிற்கு; அறம் எல்லா நாட்டிற்கும். குட்டியை மடியில் இருத்தும் வாணிகம் பிற நாடுகளிலும் உண்டு. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என வினை மூவகையால் வந்து சேரும் என்பது நம் நெறி. கூண்டு செய்தவர் யாரோ. குட்டியைப் பிரித்தவர் யாரோ. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவர் நாமாக இருந்தால்? அக்கட்டணமே அடுத்த குட்டியைப் பிறப்பிக்கிறது. சுற்றுலாவில் எடுத்த அந்தப் புகைப்படத்தைக் கண்டு நாம் மகிழ்ந்தால், அதுவே அனுமோதனை.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலங்குகளுக்குப் புகலிடம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டவுடன் காணிக்கை தந்துவிடாதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கே குட்டிகளை ஈனச் செய்கிறீர்களா? வருவோர் தொட்டு விளையாட விடுகிறீர்களா? விலங்குகளை வாங்கி விற்கிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்னும் விடை வந்தால்தான் அது மெய்யான புகலிடம். ஒன்றுக்கேனும் ஆம் என்றால், அங்கே நம் சீவதயை நிதியின் ஒரு காசும் சேரலாகாது.

நிறைவாக, நம் புராணம் கூறும் ஒரு வரலாற்றை நினைவூட்டி அமைகிறேன். பகவானின் முற்பிறவிகளுள் ஒன்று சிங்கப் பிறவி. மானைக் கொன்ற அச்சிங்கத்தின்முன் வான்வழி வந்த சாரண முனிவர் இருவர் இறங்கினர், அறம் உரைத்தனர். சிங்கம் மனம் உருகி, விரதம் ஏற்று, ஊன் துறந்து உயிர்நீத்துத் தேவகதி பெற்றது. அம்முனிவர்கள் அதற்குக் கயிறு கட்டவில்லை. அதனைத் தம் உடைமையாக்கவும் இல்லை. அதனுள் ஓர் ஆன்மா இருப்பதைக் கண்டு, அதனோடு பேசினர். அன்று அந்தச் சிங்கத்தை ஒருவர் கூண்டில் அடைத்துக் காட்சிப்பொருளாக்கியிருந்தால், அவர் அடைத்தது யாரை என்பதை எண்ணிப் பாருங்கள்.

கூண்டில் கிடக்கும் ஒவ்வோர் உயிரும் வீடுபேற்றுக்குரிய உயிரே. அதனைக் காக்க இயலாவிடினும், அதன் சிறைக்கு நம் கைப்பொருள் துணைபோகாதிருக்கட்டும்.

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க! வணக்கம்.