விவேக சிந்தாமணியின் குடியானவன்

கிணற்று மோட்டார் பழுதாகி, அதற்கென ஒதுக்கிய பணம் குழந்தையின் காய்ச்சலுக்குச் செலவாகி, சமயம் பார்த்துச் சமையலறைக் கூரையும் ஒழுகத் தொடங்கினால், சனீஸ்வர பகவானுக்கு நம் வீட்டைத் தவிர வேறு விலாசமே தெரியாதோ என்று விசனப்படுவது மனித சுபாவந்தான்.

‘விவேக சிந்தாமணி’யில் ஒரு குடியானவன் வருகிறான். பசு கன்று ஈன, மழை பொழிய, வீடு இடிய, மனைவி நோயுற, வேலையாள் இறக்க, ஈரம் காயுமுன் விதைத்துவிட எண்ணி ஓடியவனைக் கடன்காரர் வழிமறிக்க, சாவோலையும் விருந்தும் எதிர்ப்பட, பாம்பும் தீண்ட, அரசன் வரி கேட்கிறான். குருக்களோ தட்சிணை கேட்கிறார்! அந்த இடத்தில் எவருக்கும் சிரிப்பு வந்துவிடும். இடுக்கணழியாமை அதிகாரத்தில் வள்ளுவர் விதிக்கும் மருந்தும் அந்தச் சிரிப்புதானே.

ஆயினும் அப்பட்டியலை நிதானமாக நோக்கினால், கவிஞர் துன்பக் கணக்கில் வரவு வைத்த பசு, சீம்பாலோடு நிற்கிறது. பருவமழை பெய்து நிலம் பதமாயிருக்கிறது. கையில் விதையும் இருக்கிறது. வேறொரு வருஷத்தில் இவை வாய்த்திருந்தால் அவனே பொங்கலிட்டுப் படைத்திருப்பான். பாம்புக்கு மட்டும் எனக்கொரு சமாதானமும் தோன்றவில்லை.