இரவல் மைக்கும் சுக்கிரனும்

மைக் செட் கேட்டபோது, “அறிவியல் கூட்டத்துக்கெல்லாம் கிடையாது” என்று கையை விரித்த நல்லவர்களே, உங்களுக்கும் வணக்கம்! பக்கத்துக் கல்யாண வீட்டில் இரவல் வாங்கிய மைக்கில்தான் பேசுகிறேன்.

அது கிடக்கட்டும். சுக்கிர திசை அடித்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்கிறோம். அந்தச் சுக்கிரனின் முகத்தைக் கண்ணால் பார்த்தவன் உண்டா? முகமெல்லாம் கந்தக அமில மேகம். தரையில் 460 டிகிரி வெப்பம். சோவியத்துக்காரர்கள் இறக்கிய கலம் ஒன்றுகூட அரை நாள் தாங்கவில்லை.

எங்கள் பாட்டன் இருட்டில் கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டார். ஒரு கல்லைப் போடுவார். ‘தொபுக்’ என்று கேட்கும்வரை விரலை மடக்குவார். “நாலு ஆள் ஆழம்டா” என்பார். சுக்கிரனின் மேகத்துக்குள் பார்க்கும் ரேடார் வேறென்ன செய்கிறது? கல்லுக்குப் பதில் நுண்ணலை, அவ்வளவுதான்! பன்னிரண்டரை சென்டிமீட்டர் அலை மேகத்தை மதிக்காமல் உள்ளே போகும், தரையில் மோதித் திரும்பும். திரும்பிய நேரம் உயரத்தைச் சொல்லும். திரும்பிய பலம் தரை கரடுமுரடா வழவழப்பா என்று சொல்லும்.

இப்படி ரேடாரால் சுக்கிரனைப் படமெடுக்க அமெரிக்காவில் முதலில் போட்ட பெரிய திட்டத்தைச் செலவு அதிகம் என்று ரத்து செய்தார்கள். நம் நூலகக் கூரைக்குப் பணம் கேட்டபோதும் இதே ராகம்தானே பாடினார்கள்! ஆனால் அங்கே எவனோ ஒரு புண்ணியவான், வாயேஜர் விண்கலத்துக்குச் செய்து மிஞ்சிக் கிடந்த 3.7 மீட்டர் ஆன்டெனாத் தட்டை எடுத்து வேறொரு கலத்தில் பூட்டினான். உதிரிச் சாமான் ஐயா, உதிரிச் சாமான்!

1989இல் கிளம்பியது அந்தக் கலம், மெகல்லன். இருக்கிற ஒரே பெரிய தட்டால் சுக்கிரன் பக்கம் குனிந்து படம் எடுக்கும். பிறகு நம் பக்கம் திரும்பிக் கணக்கு ஒப்பிக்கும். 1992க்குள் நூற்றுக்கு 98 பங்கு தரை படத்தில் ஏறிவிட்டது. 11 கிலோமீட்டர் மலை ஒன்று நிற்கிறது, நம் எவரெஸ்ட் அண்ணாந்து பார்க்க வேண்டும்!

“செத்த கிரகத்தை அளந்து என்ன கண்டீர்?” என்றார்கள் சில மேதாவிகள். 2023இல் அந்தப் பழைய பதிவைப் புரட்டியவர்கள் கண்டார்கள். மாட் மோன்ஸ் எரிமலையில் ஒரு வாய், 1991 பிப்ரவரியில் வட்டமாக, ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். அக்டோபரில் உருக்குலைந்து நாலு! எட்டே மாதம்! செத்ததா அது?

அந்தத் தட்டைப் பூட்டிய கைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். மைக் தராதவர்கள் காதில் விழுகிற மாதிரி கொடுங்கள்!