புள்ளியும் விதியும்

நார்த்தாமலையில் மேலமலை ஏறுவோர் விஜயாலய சோழீச்சுரத்தை வியக்காமல் திரும்புவதில்லை. சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை! ஆனால் அடிவாரத்து வாசல்களில் மார்கழி விடியலில் அரிசி மாவால் எழும் கணக்கை நாம் மிதித்துக்கொண்டே போய்விடுகிறோம்.

அக்கணக்கைக் கண்டவர்கள் உண்டு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்துக்கு ஓர் இலக்கணமே வகுத்தனர். சில குறிகள், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சில விதிகள். அவற்றையே மீள மீளச் செலுத்தினால் சிறு கோலம் பெருங்கோலமாக வளரும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

"அப்படியானால் கோலத்தில் கலை எங்கே இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சிக்குக்கோலத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்து, இழைகளை எங்கும் குறுக்கே வெட்டவிட்டுச் சுற்றினால் முழுக்கோலமும் ஒரே இழையாக முடியும். நான்குக்கு நான்கு வைத்தாலோ நான்கு தனி இழைகள். இது விதி, எந்திரமும் பிழையின்றிப் போட்டுவிடும்.

ஒற்றையிழையையே விரும்பும் பெண்மணி அந்நான்கை அப்படியே விடுவதில்லை. வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டை நீக்கி வளைத்துவிட்டால் இரண்டு ஒன்றாகிவிடும். இவ்வாறு தக்க மூன்று இடங்களில் செய்தால் போதும். எந்த மூன்று? அதை விதி கட்டாயப்படுத்தவில்லை. நார்த்தாமலைத் தெரு ஒன்றில் அடுத்தடுத்த மூன்று வாசல்களில் பார்த்தேன். புள்ளிகள் ஒன்றே, கோலங்கள் மூன்று.