கண்ணீரும் பொறுமையும்: பெயர்த்தெறியப்பட்டோரின் கவிதை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாம் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம்மவரிடையே அடிக்கடி எழுகின்ற ஒரு வினாவை இன்றைய உரைக்குப் பொருளாகக் கொள்கிறேன். சோதனைக்கு ஆளான ஒருவர் தம் துயரைக் கவிதையாக வடித்துப் பாடினால், அது ஸப்ர் எனும் பொறுமைக்கு மாறானதாகுமா? "அல்லாஹ்வின் ஏற்பாடு இது. வாய்மூடி இருப்பதே ஈமானுக்கு அழகு" என்று சிலர் கூறக் கேட்கிறோம். இக்கூற்றின் ஒரு பாதி உண்மை. மற்றப் பாதியை மார்க்கத்தின் ஒளியில் ஆராய்தல் அவசியமாகும்.

அல்குர்ஆனிலே கவிஞர்களின் பெயராலேயே அமைந்த அத்தியாயம் ஒன்று உண்டு. அதுவே ஸூரத்துஷ் ஷுஅரா. அதன் இறுதியில், நோக்கமின்றி அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். ஆனால் கண்டனம் அத்தோடு முடிந்துவிடவில்லை. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதியிழைக்கப்பட்ட பின் தம் நியாயத்தை நிலைநாட்டுவோருக்கு அங்கே விதிவிலக்கு அளிக்கப்படுகிறது. அநீதிக்குள்ளானவன் பேசுவதற்கான இடத்தை அல்லாஹ்வே ஒதுக்கித் தந்திருக்கிறான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். அருமை மகன் யூஸுபைப் பிரிந்தபோது அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்னவரும் அவர்தாம். அழுதழுது கண்கள் வெளுத்துப்போனவரும் அவர்தாம். பொறுமையும் கண்ணீரும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. தம் முறையீட்டை அவர் அல்லாஹ்விடமே வைத்தார் என்பதே அப்பொறுமையின் அழகு.

நேயர்களே! இதைவிட நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியிலே பதிவாகியுள்ளது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் ஹஸ்ரத் பிலால் (ரழி) அவர்கள் கடும் காய்ச்சலில் வீழ்ந்தார்கள். காய்ச்சல் தணிந்தபோதெல்லாம் அவர்கள் குரலெடுத்துக் கவிதை பாடினார்கள். மக்காவின் பள்ளத்தாக்கில் இன்னும் ஓர் இரவேனும் தங்கமாட்டேனா, அதன் வாசப்புல்லும் நீர்நிலையும் மலைகளும் மீண்டும் கண்ணில் படாவா என்பதே அதன் கருத்து. மக்கா அவர்களுக்கு என்ன கொடுத்தது? சுடுமணலையும் நெஞ்சின் மேல் பாறையையும் கொடுத்தது. ஆயினும் மண்ணின் பாசம் போகவில்லை.

செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் பிலாலைக் கண்டிக்கவில்லை. பாடாதே என்று தடுக்கவுமில்லை. மக்காவைப் போல், அல்லது அதைவிடவும் அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசமாக்குவாயாக என்றும், அதன் அளவைகளிலே பரக்கத் செய்வாயாக என்றும் துஆச் செய்தார்கள். பிரிந்த ஊருக்காக அழுவதற்கு அனுமதி. வந்த ஊரிலே உணவுக்கும் உழைப்புக்கும் பிரார்த்தனை. இவ்விரண்டும் சேர்ந்ததே முஃமினின் மனவலிமை.

இவ்வளவையும் நான் ஏன் சொல்கிறேன் என்பதை யாழ்ப்பாணத்து நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெருவிலும் அதன் அயலிலும் வாழ்ந்த எம் மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்திற்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். நகையும் பணமும் காணி உறுதிகளும் பறிக்கப்பட்டன. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அங்கே எம்மை அரவணைத்த மக்கள் அன்ஸார்களின் பணியைச் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

அந்த வெளியேற்றம் தவறென விடுதலைப் புலிகளின் தரப்பில் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளப்பட்டது 2002 ஏப்ரலில், கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டிலேதான். பதினொன்றரை ஆண்டுகள் சென்றன. அதுவரை அந்த வலியை மறதிக்கு இரையாகாமல் காத்தவற்றுள் கவிதையும் ஒன்று. யாழ் அஸீம், முல்லை முஸ்ரிபா ஆகிய கவிஞர்களின் பெயர்களைப் பாருங்கள். ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள், ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். முல்லை முஸ்ரிபாவின் ஒரு தொகுதிக்கு 'அவாவுறும் நிலம்' என்று பெயர். பிலால் (ரழி) அவர்களின் ஏக்கம் அத்தலைப்பிலே எதிரொலிப்பதை நான் உணர்கிறேன்.

அடுத்ததாக, இந்த மண்ணின் கவிதை நமக்குக் கற்றுத்தந்த இன்னொரு பாடத்தையும் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, அந்தத் துயரை 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையில் பதித்தவர் கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம் கவிஞர் எம்.ஏ. நுஃமான் அவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், தமிழ் மக்களின் இழப்பைத் தம் இழப்பாகவே கண்டார். அதே ஆண்டில் அவருடைய 'பலஸ்தீனக் கவிதைகள்' மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. 1948இல் தம் பிர்வா கிராமத்தை இழந்த மஹ்மூத் தர்வீஷ் போன்றோரின் குரல் அதன் வழியாகத் தமிழ் வாசகரை வந்தடைந்தது. அயல்நாட்டாரின் துயராக அன்று வாசிக்கப்பட்டது, ஒன்பது ஆண்டுகளில் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அப்போது தமிழ்ச் சமூகம் முழுவதும் மௌனமாக இருந்துவிடவில்லை என்பதையும் நீதியோடு சொல்ல வேண்டும். முஸ்லிம்களின் வெளியேற்றத்தைக் கண்டித்துக் குரல் கொடுத்தவர்களுள் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனும் ஒருவர். நூலகத்திற்காக ஒரு முஸ்லிம் கவிஞர் அழுதார். முஸ்லிம்களுக்காக ஒரு தமிழ்க் கவிஞர் பேசினார். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாஇதா தரும் கட்டளையாகும். நம் துயரக் கவிதைக்கும் அதுவே எல்லை. நடந்ததைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் இன்று நம் அயலில் கடை வைத்திருப்பவர், நம் பிள்ளையோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர், இவர்கள் மீது பகையை மூட்டும் சொல் பொறுமையின் சொல்லாகாது.

அருமைச் சகோதர சகோதரிகளே! போர் 2009இல் ஓய்ந்தது. சிலர் திரும்பி வந்தோம். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே அலையும் குடும்பங்களும் உண்டு. 1990இல் நடுவயதினராக இருந்தோர் இன்று முதுமையின் விளிம்பில் இருக்கிறார்கள். மாதந்தோறும் ஜனாஸாக்களை அடக்கம் செய்கிறோம். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு தெருவின் கதை, ஒரு பள்ளிவாசலின் நினைவு, பெண்கள் பாடிவந்த ஒரு முனாஜாத்து மண்ணுக்குள் போகிறது. பதுறுத்தீன் புலவரும் அசனாலெப்பைப் புலவரும் பாடிய யாழ்ப்பாணம் இது. அந்தத் தமிழ் மரபு நம் காலத்தோடு அறுந்துபோக விடலாமா?

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இந்த ஜும்ஆத் தொழுகைக்குப் பின், உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரின் அருகில் உங்கள் பிள்ளையை அமர்த்துங்கள். உம்மம்மாவோ அப்பாவோ சொல்வதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அது இலக்கணம் தவறாத கவிதையாக இருக்க வேண்டியதில்லை. கிணற்றடி, மாதுளை மரம், விட்டுவந்த குர்ஆன் பிரதி, இறுதியாகப் பூட்டிய கதவு, இவற்றின் விபரமே போதும். எழுதி முடிந்ததும், இப்போது நாம் வாழும் ஊருக்காகவும் அதே பிள்ளை கையேந்தித் துஆச் செய்யட்டும். பிலால் (ரழி) அவர்களின் ஏக்கத்தையும் நபி (ஸல்) அவர்களின் துஆவையும் அப்பிள்ளை ஒன்றாகக் கற்றுக்கொள்ளும்.

யா அல்லாஹ்! பெயர்க்கப்பட்டோரின் கண்ணீரை நீ அறிவாய். எங்கள் நாவை உண்மையிலும், உள்ளத்தை நீதியிலும் நிலைக்கச் செய்வாயாக! இழந்த மண்ணையும் வாழும் மண்ணையும் எங்களுக்கு நேசமாக்குவாயாக! ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.