முகம் தெரியாத முதலாளி

('வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை: வசதியா? வேதனையா?' என்ற பட்டிமன்றத்தில் 'வேதனையே' என்ற அணியில் பேசியது)

எதிரணியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "பஸ்ஸில் தொங்க வேண்டாம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள்" என்றார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 1973-லேயே ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு பெயர் வைத்து ஆராய்ந்தார். ஆள் வேலையைத் தேடிப் போக வேண்டாம், வேலை ஆளைத் தேடி வரட்டும் என்றார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது.

ஆனால் நடுவர் அவர்களே, தேடி வந்த வேலை சாயங்காலம் ஆனா திரும்பிப் போகணுமா இல்லையா? போக மாட்டேங்குதே! அதுதான் என் கட்சி. (சிரிப்பு)

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், கணிதப் பட்டதாரி. ஆபீஸே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை. பெயர் வேண்டாம். நாலு வருஷம் பார்த்துவிட்டு, ராஜினாமா செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான். "ஏம்ப்பா, கை நிறையச் சம்பளமாச்சே?" என்றேன். "கை நிறைஞ்சுதுங்கய்யா. கண்ணுக்குத்தான் ஒரு ஆள் தெரியலை" என்றான்.

அவனுடைய மேலதிகாரி கலிபோர்னியாவில். அங்கே காலை 9 மணிக்குக் கூட்டம் போட்டால், கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. "வீட்டுலயேதான் இருந்தேன். ஆனா வீட்டுல யாரோடயும் உட்கார்ந்து ராத்திரி சாப்பிட்டதில்லைங்கய்யா" என்றான்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியுமாம். சில நிமிடம் கை அசையாவிட்டால் நிறம் மாறிவிடும். இவன் குளிக்கப் போனால் அம்மா வந்து மவுஸை அசைக்க வேண்டும். அந்தத் தாய் கேட்டாளாம்: "டேய், நீ வேலை பார்க்கிறியா, இல்லை அணையா விளக்குக்குக் காவல் இருக்கியா?" (சிரிப்பு, கைதட்டல்)

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார். ஒன்று அரசன் முகம் பார்க்கும் அமைச்சனுக்கு. இன்னொன்று காதலர்களுக்கு. ஆக, ஆபீஸுக்கும் முகம் வேண்டும், அன்புக்கும் முகம் வேண்டும்! இந்தப் பிள்ளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரியிடமிருந்து ஒற்றை வரி வந்தது: 'திங்கள்கிழமை பேச வேண்டும்.' வேலை போச்சு என்று மூன்று ராத்திரி தூங்கவில்லை. திங்கட்கிழமை அவர் கேட்டது, "தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு வேணும்?" நேரில் பார்த்திருந்தால் அவர் சிரித்த முகமே சொல்லியிருக்குமே!

நண்பர்கள் வசதி வசதி என்கிறார்கள். வேலை நேரம் முடிந்தபின் முதலாளி தொழிலாளியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று போர்ச்சுகல் 2021-ல் சட்டம் போட்டது. நேரம் கடந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்க ஆஸ்திரேலியா 2024-ல் உரிமை கொடுத்தது. வசதியாக இருந்தால் சட்டம் எதற்கு ஐயா?

கடைசியாக ஒன்று. அவனுடைய அப்பா தவறிவிட்டார். கம்பெனியிலிருந்து நாற்பது பேர் திரையில் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். குறை சொல்லவில்லை, நல்லவர்கள்தான். ஆனால் அவன் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ரிடையர் ஆகிப் பத்து வருஷம். அவரோடு வேலை பார்த்த கிழவர்கள் பதினாறு பேர் பஸ் பிடித்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். ஒருவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பன் டீயில பாதி எனக்குத்தான் தம்பி" என்று அழுதாராம்.

"எனக்குன்னு டீயில பாதி கேட்க யாருமே இல்லைங்கய்யா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றான் என் மாணவன். வேலையை விட்ட அன்று மாலையும் இல்லை, மிக்சரும் இல்லை. ஐந்து மணிக்குத் திரை இருண்டது. கம்ப்யூட்டரைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு ஒரு கதவு வேண்டும், சாயங்காலம் சாத்துவதற்கு. மனிதனுக்கு ஒரு கூட்டாளி வேண்டும், டீயைப் பங்கு போடுவதற்கு. இரண்டும் இல்லாத இடத்தில் இருப்பது வேதனையே என்று தீர்ப்பளிக்க வேண்டி விடைபெறுகிறேன். (கைதட்டல்)