வீட்டார் கற்க வேண்டிய வைத்திய பாஷை



காரைக்காலில் நடக்கும் இந்த இலக்கிய மன்றத்தின் விழாவில் வைத்திய விஷயத்தைப் பேசுவது பொருந்துமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பதவுரையும் பொழிப்புரையும் சொல்லிப் பழந்தமிழ்ச் செய்யுட்களைச் சாமானிய ஜனங்களுக்கு விளங்க வைத்த இத்தகைய மேடைகள், நம் வீட்டு அலமாரிகளில் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருக்கும் மருத்துவமனைக் காகிதங்களையும் விளங்க வைக்கக் கடமைப்பட்டவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நடுநிசியில் குடும்பத் தலைவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சை ஏதோ அமுக்குகிறது என்கிறார். நெற்றி குப்பென்று வியர்க்கிறது. தோளும் தாடையும் கடுக்கின்றன. வீட்டார் பதறி எழுந்து, இராத்திரி சாப்பிட்ட பரோட்டாவை நினைவுகூர்ந்து, இது வாய்வுதான் என்று தீர்மானித்து, ஓமத்திரவமோ சோடாவோ கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைக்கிறார்கள். அவர் ஹிருதயத்தின் தசை இரத்தம் கிடைக்காமல் மடிந்துகொண்டிருக்கக்கூடிய நாழிகைகள் அவை. மடிந்த தசையை மீண்டும் உயிர்ப்பித்துத் தர எந்த மருத்துவராலும் இயலாது. அந்தக் குடும்பத்தில் அன்புக்குக் குறைவில்லை, பணம்கூட இருந்திருக்கலாம், மருத்துவமனையோ கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கலாம். நடப்பது இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாத ஒரு குறையே அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது. பெண்களுக்கும், நெடுங்காலம் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே பெரிதாகத் தோன்றாமல், மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமற்ற பெருங்களைப்பு என்று வேறு உருவத்திலும் மாரடைப்பு வரக்கூடும் என்பதால், தாய்மார்கள் இதனைத் தங்கள் பொருட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இந்த வியாதியின் தன்மையை விளக்குவது எளிது. நிமிஷத்திற்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தைச் சரீரம் முழுவதற்கும் இறைத்து அனுப்பும் ஹிருதயம், தன்னுள்ளே நிறைந்திருக்கும் அந்த இரத்தத்தைத் தன் தசைக்கென்று நேரே எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேற்பரப்பில் ஓடும் தனி நாளங்கள் வழியாகவே தனக்கான பங்கைப் பெறுகிறது. ஆற்றில் வெள்ளம் புரண்டாலும், வாய்க்கால் தூர்ந்துபோன வயல் எப்படிக் காயுமோ, அப்படியே அந்த நாளம் ஒன்றில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அது பாயும் பகுதித் தசை காய்ந்து மடிகிறது. மாரடைப்பு என்பது இதுவே.

சாமானியர்களுக்கு இத்தகைய சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற ஐயத்திற்கு, நமக்கு எதிர்க்கரையிலேயே ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் விடை தந்திருக்கிறார். அமெரிக்க தேசத்தின் ஊஸ்டர் நகரில் 1822-ல் பிறந்து, 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பவரே அவர். முதலில் ஆங்கிலத்திலேயே மாணவர்களுக்குக் கற்பித்த அவர், அப்படிக் கற்றவர்கள் உத்தியோகம் நாடி வேறிடங்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்து ஜனங்கள் கைவிடப்படுவதையும் கண்டு, மேல்நாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்தார். 1867-ல் இரண வைத்தியம், 1872-ல் மனுஷ அங்காதிபாதம், 1875-ல் கெமிஸ்தம், தாயகம் திரும்பிய பின்னும் விடாமல் உழைத்து 1883-ல் மனுஷ சுகரணம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தம் மாணவர்களின் துணையோடு அவர் தமிழாக்கினார். அந்நூல்களில் வழங்கிய சொற்களுக்குத் தனியே தொகுதிகளும் தயாரித்தார். தம்மிடம் பயிலும் வைத்தியர் உடையாலும் பழக்கத்தாலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார். அவரிடம் பயின்று வெளிவந்த வைத்தியர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அந்நிய தேசத்தில் பிறந்த ஒருவர், கடல் தாண்டி வந்து, இம்மொழியை எழுத்துக்கூட்டிக் கற்று, அதிலேயே அறுவைச் சிகிச்சையைச் சொல்லிக்கொடுத்திருக்க, அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்த நாம் நம் தந்தையின் மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் இருப்பது தகுமா என்று உங்களைப் பணிவோடு கேட்கிறேன். 1916-ல் சேலத்தில் இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டதும், பின்னாளில் கலைக்களஞ்சியங்கள் எழுந்ததும் இந்த வழியில் வந்தவையே. அறிஞர்களின் காரியம் பெரும்பாலும் நடந்துவிட்டது. குடும்பங்களின் காரியம் இன்னும் தொடங்கவே இல்லை.

நான் உங்களைக் கற்கச் சொல்வது வைத்திய சாஸ்திரம் முழுவதையும் அன்று. இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களிலிருந்து தொடங்குவோம். 1816-ல் பாரிஸ் நகர வைத்தியர் லேனெக் என்பவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது ஸ்டெதஸ்கோப். 1905-ல் ருஷ்ய வைத்தியர் கொரோட்கோவ், புஜத்தில் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தும்போது கீழே நாளத்தில் எழுந்து மறையும் ஒலிகளை அதே கருவியால் கேட்டு, இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டார். ஒலி முதலில் எழும் இடமே மேல் எண். அது ஹிருதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். ஒலி அடங்கும் இடம் கீழ் எண். அது ஹிருதயம் தளர்ந்திருக்கும்போதுள்ள அழுத்தம். 120-க்கு 80 என்பது நல்ல நிலை. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140-க்கு 90-ஐ எட்டினால் அது வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டிய நிலை. எனக்கு பி.பி. இருக்கிறது என்று சொல்பவர்கள் ஏராளம். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். உயர் இரத்த அழுத்தம் என்னும் இந்த வியாதி உச்சத்தை அடையும்வரை பெரும்பாலும் எந்த உபத்திரவத்தையும் தருவதில்லை. ஆகவே உடம்பு சௌக்கியமாகத்தான் இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துகிறவர், மாத்திரையால் கிடைத்த சௌக்கியத்தையே மாத்திரைக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவிடுகிறார்.

அடுத்து, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் மூன்று ஆபத்துகள். ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட், ஹார்ட் ஃபெயிலியர் என்று மருத்துவர் சொல்லும் மூன்றையும் நாம் ஒன்றாகவே எண்ணி அழத் தொடங்குகிறோம். முதலாவதாகிய மாரடைப்பில் நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார், அவரை நடக்கவிடாமல் அமர்த்தி, உடனே 108-ஐ அழைப்பதே வீட்டாரின் கடமை, முதல் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றாலும், வலி நீடித்தால் மீண்டும் எடுக்கச் சொல்லவும், ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கவும் தயங்கலாகாது. இரண்டாவது, ஹிருதயம் துடிப்பை இழந்து நின்றுவிடும் நிலை. மனிதர் சரிந்து விழுகிறார். தட்டி அழைத்தாலும் அசைவில்லை. மூச்சு இயல்பாக இல்லை. அங்கே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் மார்பின் நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை, வண்டி வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். மூன்றாவது, பெயரைக் கேட்டால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றினாலும், உண்மையில் ஹிருதயத்தின் இறைக்கும் வலிமை குறைந்துபோன நாட்பட்ட நிலையே ஆகும், கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், இரண்டொரு நாளில் எடை கூடிவிடும். மருந்தும் உப்புக் குறைப்பும் தினசரி எடை பார்த்தலும் கொண்டு பல ஆண்டுகள் வாழக்கூடியவர்களுக்கு, அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே பந்துக்கள் விடைகொடுக்கத் தொடங்கிவிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி என்னும் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடைபட்ட ஹிருதய நாளத்தில் ஸ்டென்ட் என்னும் குழல் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற மற்றொரு மருந்தும் எழுதப்பட்டிருக்கும். இவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. பல் பிடுங்க வேண்டும் என்றோ, செலவு மிச்சமாகும் என்றோ இவற்றைத் தாமாகவே நிறுத்தினால், வைத்த குழலுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மீண்டும் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அந்த மாத்திரைகளின் பெயரை வீட்டிலே ஒருவராவது, பள்ளியில் படிக்கும் பேத்தியாவது, எழுத்துப் பிழையின்றித் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

உணவு விஷயத்தை விரித்துரைக்கப் போவதில்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்ட அளவு, என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. கருவாடு, அப்பளம், ஊறுகாய், வடகம் யாவும் அந்தக் கணக்கிலே அடக்கம் என்பதைக் கடற்கரைவாசிகளாகிய நாம் மறந்துவிடுகிறோம். பீடி, சிகரெட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆயினும், அண்டை மாவட்டத்தாரும் நாடி வரும் அளவுக்கு மதுக்கடைகள் மலிந்த ஊர் நம்முடையது என்பதையும், மிகுந்த குடி இரத்த அழுத்தத்தை உயர்த்தி ஹிருதயத் தசையையே நலியச் செய்யும் என்பதையும் இந்த மேடையில் சொல்லாமல் விட்டால் நான் என் கடமையில் தவறியவனாவேன்.

புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 2016 முதல் நம் ஊரிலும் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பல மாநிலங்களிலிருந்து வரும் அப்பிள்ளைகளுக்குத் தமிழ் தேவைப்படுகிறது. நமக்கோ வைத்தியம் தேவைப்படுகிறது. மாதம் ஒருமுறை இந்த மண்டபத்திலும், கிளிஞ்சல்மேட்டு மீனவப் பஞ்சாயத்திலும், பள்ளிவாசல் வளாகத்திலும், மாதா கோயில் கூடத்திலும் இரு சாராரும் சேர்ந்து அமர்ந்து, ஒரு மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குப் பதவுரை சொல்லும் வகுப்பொன்றை இம்மன்றம் தொடங்க வேண்டும் என்ற பிரேரணையை நான் தலைவர் முன்னிலையில் வைக்கிறேன். மார்பை அழுத்தும் பயிற்சியும் அதிலே சேர வேண்டும். அதனைப் புத்தகத்தால் மட்டும் கற்க முடியாது.

கூட்டம் முடிந்ததும் வாசலருகே இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இடைவேளையில் காபி அருந்தியவர்களும் புகைபிடித்தவர்களும் அரைமணி நேரம் பொறுத்துச் செல்லுங்கள். சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் அமர்ந்த பின்னரே கையை நீட்டுங்கள். சொல்லும் இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.